பிடி மாற்றிய முசுறுகள்

செம்பி தன் குழந்தையை நக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை என்றால், காலும் இல்லாமல் கண்ணும் இல்லாமல், சோற்றுப் பருக்கை மாதிரி வெள்ளையாய் ஒரு புழு. முசுறு எறும்புகளின் குழந்தைகள் எல்லாம் அப்படித்தான் இருக்கும். இதற்குப் பெயர் பொடி.

"ஆடாம இரு! கழுத்துப் பக்கம் இன்னும் பாக்கி இருக்கு!"

"கழுத்து எதும்மா?" என்றது பொடி.

"அது எனக்கும் தெரியல. நீ ஆடாம இரு!"

அது குளக்கரை மாமரம். அதன் கிளை ஒன்று தண்ணீருக்கு மேலே நீண்டிருந்தது. அந்தக் கிளையில்தான் முசுறுகளின் கூடு. மா இலைகளை வளைத்துத் தைத்த கூடு. கட்டி ரொம்ப நாளாகிவிட்டது. இலையெல்லாம் பழுத்து, காம்பு காய்ந்து, எப்போது விழுமோ என்று தொங்கிக்கொண்டிருந்தது. விழுந்தால் நேரே குளம்தான். குளத்தில் ஒரு பெரிய கெண்டைமீன் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

அன்றைக்குப் பார்த்து மேற்கே வானம் கருத்துக்கொண்டு வந்தது.

"வேலைக்கு வாங்க! எல்லாரும் வாங்க! மழைக்கு முன்னாடி புதுக்கூடு முடியணும்! இல்லன்னா நம்ம குழந்தைங்க எல்லாம் கெண்டை வாயிலதான்!"

மேஸ்திரி கடுவாயனின் குரல் அது. அந்தக் குரலைக் கேட்டாலே செம்பிக்குக் காலெல்லாம் நடுங்கும். பொடியைப் பழைய கூட்டிலேயே படுக்கவைத்துவிட்டு ஓடினாள்.

கூடு கட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. இரண்டு பச்சை இலைகளின் ஓரத்தை ஒன்றாகச் சேர்த்து இழுக்க வேண்டும். ஒரு எறும்புக்கு எட்டாது. அதனால் ஒருத்தி இலையைக் கவ்வுவாள். அவள் இடுப்பை அடுத்தவள் கவ்வுவாள். அவள் இடுப்பை இன்னொருத்தி. இப்படிச் சங்கிலி சங்கிலியாகக் கோத்துக்கொண்டு இழுப்பார்கள். ஓரங்கள் கிட்டே வந்ததும் குழந்தைப் புழு ஒன்றைத் தூக்கி வருவார்கள். புழுவின் வாயிலிருந்து பட்டுநூல் வரும். அதைப் பதமாகக் கவ்விக்கொண்டு இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் கொண்டுபோனால் இலை தைத்துப்போகும். தையல் முடிகிறவரை சங்கிலி நழுவக் கூடாது.

இதற்கு மேல் கடுவாயன் தனியாக ஒரு சட்டம் வைத்திருந்தான். காலையில் கவ்வியவள் முடிகிறவரை கவ்வியே கிடக்க வேண்டும். கால் நீட்டக் கூடாது. அசுவினிப் பூச்சி சொட்டுகிற தேன்துளியைக் குடிக்கப் போகக் கூடாது.

நெட்டைக்காலி கொஞ்சம் வாய்த் துடுக்கு உள்ளவள். அவள் கேட்டே விட்டாள்.

"மேஸ்திரி! நடுவுல ஒரு தடவை போய் ஒரு வாய் குடிச்சிட்டு வரலாமா?"

"குடிக்க வந்தியா, இழுக்க வந்தியா? மேகத்தப் பாரு! பிடியை விட்டவ எறும்பே இல்ல!"

"அப்ப நான் யாரு, வெட்டுக்கிளியா?" என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் கீழ்ப்பக்கச் சங்கிலிக்குப் போனாள். செம்பி அவள் பின்னாலேயே போய்ச் சேர்ந்துகொண்டாள். பாதிப் பேர் இலையின் மேல்பக்கம். பாதிப் பேர் கீழ்ப்பக்கம். வேலை தொடங்கியது.

வெயில் ஏறியது. தாடை வலித்தது. காலில் ஊசி குத்துகிற மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஊசியும் போய், கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

அப்போதுதான் மேலேயிருந்து ஒரு சத்தம்.

"ஐயோ! என் காலு!"

மேல்பக்கச் சங்கிலியில் இருந்த மினுக்கி கால் மரத்து வழுக்கிவிட்டாள். செம்பியின் கண் எதிரிலேயே விழுந்தாள். குளத்தில் 'பொளக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"காரமா இருந்தாலும் நல்லாத்தான் இருக்கு!" என்றது கெண்டை. "அடுத்தது யாரும்மா?"

கடுவாயன் ஒரு நொடி குளத்தைப் பார்த்தான். அவன் மீசை துடித்தது. பிறகு திரும்பிக்கொண்டான்.

"ஒருத்தி போய் அந்த இடத்துல நில்லுங்க! இழுங்க! நிக்காதீங்க!"

செம்பி பிடியை இறுக்கிக்கொண்டாள். நேற்றுத்தான் மினுக்கி பொடிக்கு விளையாட்டுக் காட்டினாள். இப்படியே போனால் அடுத்து யார்? சங்கிலியே அறுந்துவிட்டால்? பழைய கூட்டில் பொடி கிடக்கிறதே! அதன் காம்பு இன்னும் எத்தனை காற்றுத் தாங்கும்?

கண்ணைக் கீழே ஓட்டினாள். குளத்து ஓரம் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது. விடிந்ததிலிருந்தே நிற்கிறது. அது தனக்குத் தானே பேசிக்கொண்டது.

"இந்தக் காலு போதும். இனி அந்தக் காலு நிக்கட்டும்."

காலை மாற்றிக்கொண்டது. மடக்கியிருந்த காலை நன்றாக உதறி நீட்டி ஊன்றியது. இறக்கையை ஒரு தரம் விரித்து மூடியது. மறுபடியும் சிலை மாதிரி நின்றது.

செம்பிக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. வாயில் பிடி இருக்கிறபோது முசுறுகள் மீசையை, அதாவது தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் உணர்கொம்பை, தட்டித்தான் பேசிக்கொள்ளும். அவள் நெட்டைக்காலியின் மீசையைத் தட்டினாள்.

"அக்கா! நாமும் பிடி மாத்திக்கலாமா? ஒவ்வொருத்தியா விட்டு, கால உதறி, ஒரு நடை நடந்து, ஒரு வாய் குடிச்சிட்டு வருவோம். மத்தவங்க அதுவரைக்கும் கொஞ்சம் சேர்த்து இழுத்துக்கலாம்."

"மேஸ்திரி பார்த்தா?"

"இலைக்கு அடியில இருக்கோம். பார்க்கமாட்டாரு."

"ஊமை மாதிரி இருந்துக்கிட்டு உனக்கு இவ்வளவு திட்டமா! சரி, திட்டம் போட்டவளே முதல்ல போ!"

செம்பி பிடியை விட்டாள்.  ஒவ்வொரு காலாக உதறினாள். தாடையைத் திறந்து திறந்து மூடினாள். கிளையில் வேகமாக ஒரு நடை போய், தேன்துளி குடித்து, ஓடி வந்து கவ்வினாள்.

என்ன ஆச்சரியம்! காலையில் இருந்த பலம் அப்படியே திரும்பி வந்துவிட்டது. அவள் இழுத்த இழுப்பில் இலையே கொஞ்சம் நகர்ந்தது.

"அடியே, மெதுவா! என் இடுப்பு வேணும்!" என்று மீசையைத் தட்டினாள் நெட்டைக்காலி. "இப்ப என் முறை!"

அடுத்து அவள் போனாள். அவளுக்கு அடுத்து இன்னொருத்தி. கீழ்ப்பக்கம் முழுக்க ஓசையில்லாமல் முறை மாறிக்கொண்டே இருந்தது. இலை சரசரவென்று நெருங்கிக்கொண்டிருந்தது. மேல்பக்கத்தில் மட்டும் எல்லோரும் கல்லாய்ச் சமைந்துபோய்த் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

மறுபடியும் செம்பியின் முறை வந்தது. அவள் கிளையில் நடந்து திரும்பினாள். எதிரே கடுவாயன்!

"பிடியை விட்டுட்டு உலாத்துறியா?"

செம்பி தலையைக் குனிந்துகொண்டாள்.

"வானத்தப் பாரு! நம்ம வம்சமே தொங்கிக்கிட்டு இருக்கு, உனக்கு நடை கேக்குதா? சரி. இலை நெருங்கிடுச்சு. தையலுக்கு உன் குழந்தையைத்தான் எடுக்கப்போறேன். நானே கவ்விக்கிட்டு நடுவுல நிப்பேன். பிடி நழுவினா யாரு விழுவாங்கன்னு அப்பத் தெரியும் உனக்கு!"

"வேணாம் மேஸ்திரி..." என்றாள். அவளுக்கே கேட்காத குரல்.

அவன் போய்ப் பொடியைத் தூக்கி வந்தான். ஒன்றைச் சொல்ல வேண்டும். அவன் பொடியைக் கொஞ்சமும் அழுத்தாமல், பூவைப் போலத்தான் கவ்வியிருந்தான்.

"அம்மா! நான் வேலைக்குப் போறேன்!" என்று பொடி உற்சாகமாகக் கத்தியது.

கடுவாயன் இரண்டு இலைக்கும் நடுவில் நின்றான். முன்னங்கால்கள் அந்த இலையில், பின்னங்கால்கள் இந்த இலையில். கீழே குளம். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினான். நூல் ஓடியது. ஒரு மூலை தைத்தாயிற்று.

அந்த நேரம் பார்த்துக் காற்று அடித்தது.

கிளையைத் தூக்கிப் போட்டது. மேல்பக்கச் சங்கிலி கிடுகிடுவென்று ஆடியது. ஒருத்திக்குத் தாடை நழுவியது. அவளைப் பிடித்தவளுக்குக் கால் வரவில்லை. அடுத்தவளும் வழுக்கினாள். இலை ஓரம் மெல்ல விரியத் தொடங்கியது. விரிய விரியக் கடுவாயனின் கால்கள் அகன்றன. புதிதாய்ப் போட்ட நூல் விண் விண்ணென்று தெறித்தது.

"வா வா!" என்றது கெண்டை. "பெரிசு ஒண்ணு, சின்னது ஒண்ணு!"

கடுவாயனால் கத்த முடியவில்லை. வாயில் பொடி. வாயைத் திறந்தால் பொடி விழும். திறக்காவிட்டால் கட்டளை போடுவது யார்? அவன் கண் மட்டும் உருண்டது. காலையிலிருந்து ஓய்வில்லாமல் அதட்டியவன் அவன். ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. அவன் கால்களும் வெலவெலத்தன.

"அம்மா! ரொம்ப ஆடுது!"

செம்பிக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ!

"கீழ்ப்பக்கத்துல பாதிப் பேரு மேல வாங்க! நெட்டைக்காலிக்கா, நீங்க கீழ இழுத்துப் பிடிங்க! மத்தவங்க என் பின்னாடி வாங்க! ஓடுங்க!"

ஓடினார்கள். கால் உதறி, நடந்து, குடித்துத் தெம்பாக இருந்தவர்கள்தானே! ஒரே ஓட்டத்தில் மேலே வந்துவிட்டார்கள். செம்பி விரிந்த ஓரத்தைப் பாய்ந்து கவ்வினாள். அவள் இடுப்பை ஒருத்தி, அவள் இடுப்பை ஒருத்தி. புதுச் சங்கிலி இழுத்தது. கீழே நெட்டைக்காலியின் கூட்டம் இழுத்தது. காற்று ஒரு பக்கம், முசுறுகள் ஒரு பக்கம்.

இலை நின்றது.

அப்புறம், கொஞ்சம் கொஞ்சமாக மூடியது.

கடுவாயன் கால் நடுங்க நடுங்கத் தலையை ஆட்டினான். பொடி நூல் விட்டது. அந்த ஓரம், இந்த ஓரம், அந்த ஓரம். கடைசித் தையல் விழுந்தபோது முதல் மழைத்துளி இலையில் பட்டுத் தெறித்தது.

"குழந்தைகள எடுங்க!" என்று செம்பி கத்தினாள். எல்லோரும் பழைய கூட்டுக்கு ஓடினார்கள். ஆளுக்கு ஒரு புழு, ஆளுக்கு ஒரு முட்டை என்று வாரிக்கொண்டு வந்து புதுக்கூட்டுக்குள் சேர்த்தார்கள். கடைசி முட்டை உள்ளே வந்ததும் பழைய கூட்டின் காம்பு ஒடிந்தது. கூடு குளத்தில் விழுந்தது.

கெண்டை ஒரே பாய்ச்சலில் வந்து கவ்வியது.

"த்தூ! வெறும் இலை!"

புதுக்கூட்டுக்குள் சிரிப்புச் சத்தம் எழுந்தது. ஒரு குரல் மட்டும் சிரிக்கவில்லை.

"அம்மா! மேஸ்திரி என்னைக் கீழ விடமாட்டேங்கிறாரு!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கடுவாயன் மூலையில் நின்றான். தாடை பூட்டிக்கொண்டுவிட்டது. திறக்க முடியவில்லை. பொடி அவன் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"பிடியை விட்டவ எறும்பே இல்லன்னு சொன்னவராச்சே!" என்றாள் நெட்டைக்காலி. "சொன்ன சொல்லக் காப்பாத்துறாரு!"

"சும்மா இருங்கக்கா!" செம்பி அவன் பக்கத்தில் போனாள். இப்போது அவளுக்குக் கால் நடுங்கவில்லை. அவன் தாடையின் இரண்டு பக்கமும் மெல்லத் தேய்த்துவிட்டாள். ஒருத்தி தேன்துளி கொண்டுவந்து வாயோரம் தடவினாள். நெட்டைக்காலியே வந்து அவன் கால்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கினாள். ரொம்ப நேரம் கழித்துத் தாடை 'டக்' என்று விட்டது. பொடி செம்பியின் கைக்கு வந்தது.

கடுவாயன் தாடையை ஒரு தரம் அசைத்துப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"மினுக்கி விழுந்தப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். அவ காலு மரத்துப்போனதுக்கு நாந்தான் காரணம்."

 வெளியே மழை கொட்டியது.

அதற்குப் பிறகு அந்த மரத்தில் வேலை வேறு மாதிரி நடந்தது. காலையில் கவ்வுவதற்கு முன்னால் எல்லோரும் கிளையில் வரிசையாக நின்று காலை உதறுவார்கள். தாடையைத் திறந்து மூடுவார்கள். முறை வைத்துப் பிடி மாற்றுவார்கள். முறை வந்தவள் நடக்காமல் போனால் கடுவாயன் விடமாட்டான். "எங்க, ஒரு நடை நட! குடிச்சியா? உண்மையச் சொல்லு!" என்று அதற்கும் அதட்டுவான்.

"முன்னாடி குடிக்கக் கேட்டா திட்டு, இப்ப குடிக்கலன்னா திட்டு!" என்பாள் நெட்டைக்காலி. ஆனால் கூடுகள் முன்னைவிடச் சீக்கிரம் முடிந்தன. ஒருத்தியும் குளத்தில் விழவில்லை. கெண்டை இளைத்துப்போய் வேறு கரைக்குப் போய்விட்டது.

ஒரு நாள் கடுவாயன் செம்பியிடம் கேட்டான்.

"ஏம்மா செம்பி, அன்னைக்கு அந்த யோசனை உனக்கு எப்படி வந்துச்சு?"

செம்பிக்கு வெட்கமாகப் போய்விட்டது. பொடியைத் துடைத்துக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தாள்.

"அது வந்து மேஸ்திரி, குளத்து ஓரமா ஒரு கொக்கு நின்னுச்சு, அது என்ன பண்ணுச்சுன்னா..."

"ஏய் செம்பி! உன் முறை வந்தாச்சு! கால உதற வா!" என்று நெட்டைக்காலி கூப்பிட்டாள். செம்பி பொடியை மேஸ்திரியிடமே கொடுத்துவிட்டு ஓடிப்போனாள்.

வேலை செய்கிறவர்களின் உடம்புக்கு ஓய்வும் பயிற்சியும் கொடுத்துப் பார்த்துக்கொண்டால்தான், நெருக்கடி வருகிறபோது அந்த உடம்பு எல்லோரையும் தாங்கும்.