அறாத முடிச்சு

குருவுக்கு வயது முப்பத்துமூன்று, சீடருக்கு ஐம்பத்திரண்டு. இதில் குருவுக்குக் கூச்சம் ஏதுமில்லை. சீடருக்குத்தான் முதல் இரண்டு மாதம் கொஞ்சம் இருந்தது.

குருவின் பெயர் ஜெசிந்தா. தூத்துக்குடியிலிருந்து ஃபைபர் படகில் ஆட்களைக் கூட்டிப்போய், ராடும் ரீலும் வைத்துப் பெரிய மீன் பிடிக்கக் கற்றுக்கொடுப்பவள். சீடர், பாளையங்கோட்டைப் பல் டாக்டர் நல்லபெருமாள். அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

டாக்டருக்கு மூன்று தடவை பாரை மீன் மாட்டியது. மூன்று தடவையும் முடிச்சு அறுந்து, மீன் போன இடம் தெரியவில்லை. அன்றிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த வாரம் கச்சான் என்கிற மேல்காற்று கிளம்பினால் நாலு மாதத்துக்குப் படகு கரையில்தான். இன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

படகு கிளம்பும்போதே கேட்டுவிட்டார்.

"டீச்சர், ஒரே ஒரு கேள்வி. எந்த மீன் இழுத்தாலும் அறாத முடிச்சு எது?"

"கடல்ல வச்சுச் சொல்லுதேன்."

அவள் ஜிக் கட்டிக்கொண்டிருந்தாள். ஜிக் என்றால் மீன் மாதிரி வார்த்து, பளபளவென்று சாயம் பூசிய ஈயக்கட்டி. அதன் தலையில் ஒரு வளையம். வளையத்தில் விரல் நீளக் கயிறு, கயிற்றின் நுனியில் முள். ஆழத்தில் இறக்கி வெடுக் வெடுக்கென்று தூக்கினால், பாரைக்கு அது அடிபட்ட சாளை மீனாகத் தெரியும்.

அவள் முள்ளுக்குப் போட்ட கயிறு மெலிசாக இருந்தது. டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது அறுந்துராதா டீச்சர்?"

"பெருசு இழுத்தா அறும்."

"தெரிஞ்சேவா கட்டுதீங்க?"

"ஆமா."

டாக்டருக்கு உள்ளூரச் சிரிப்பு. மீன் பிடிக்கத் தெரிந்தவளுக்குக் கட்டத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டார். அவர் பதினைந்து நாள் கிளினிக்கில் உட்கார்ந்து, பல் பார்க்கிற லென்ஸை மாட்டிக்கொண்டு, தன் ஜிக்கைக் கட்டியிருந்தார். கடையில் இருந்ததிலேயே தடித்த கயிறு, தடித்த முள், ஒன்றுக்கு இரண்டு வளையம். ஒவ்வொரு முடிச்சையும் கதவுக் கொண்டியில் மாட்டி, சுவரில் காலை உதைத்து இழுத்துப் பார்த்தாயிற்று.

டீச்சருக்குச் சொல்லாத வேலையும் இரண்டு இருந்தன. போன தடவை ராடே கைநழுவிக் கடலுக்குப் போகப் பார்த்தது. அதனால் ராடை ஒரு கயிற்றால் இடுப்பு பெல்ட்டோடு கட்டி, மேலே சட்டையை இழுத்துவிட்டிருந்தார். இன்னொன்று, ரீலில் இருக்கும் டிராக் திருகு. மீன் ரொம்ப இழுத்தால் நூலை விட்டுக்கொடுப்பதற்காக அதைத் தளர்த்தி வைப்பார்கள். நூல் போகும் அந்தக் கிர்ர் சத்தம் டாக்டருக்கு ஆகவே ஆகாது. அவள் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, திருகைக் கடைசிவரை முறுக்கிவிட்டார்.

இருபத்தைந்து பாகம், அதாவது நூற்றைம்பது அடி ஆழத்தில், மீன் அடையும் பாறைத்திட்டான பார் வந்ததும் படகோட்டி சூசை இன்ஜினை அணைத்தான். டாக்டர் ஜிக்கை இறக்கினார். தரை தட்டியது. ஒரு வெடுக்கு, இரண்டு, மூன்று.

நாலாவது தூக்கில் கடலுக்குள்ளிருந்து யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள்.

"மாட்டிட்டு! டீச்சர், மாட்டிட்டு!"

"பாரைதான்!" சூசை எழுந்து நின்று கத்தினான். "யம்மாடி, என்னா இழுவை!"

ராடு வில்லாக வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டது. நூல் விண்ணென்று பாடியது. டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தார். சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு. ஆயுளில் இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

"அறல! பாத்தீங்களா, அறல!"

"டிராக்கை விடுங்க டாக்டர்!"

"வேண்டாம் டீச்சர், தாங்குது!"

தாங்கத்தான் செய்தது. டாக்டர்தான் ஓரத்தை நோக்கி ஓர் அடி போனார். அப்புறம் இன்னோர் அடி. முழங்கால் படகின் விளிம்பில் இடித்தது. படகு அந்தப் பக்கமாகச் சாய்ந்தது.

"ராடை விட்ருங்க!" என்றான் சூசை.

டாக்டர் இரண்டு கையையும் விட்டார். ராடு போகவில்லை. இடுப்பைப் பிடித்து இழுத்தது. அவர் விளிம்பைக் கட்டிக்கொண்டு, தலை வெளியே தொங்க, கடலை முகத்துக்கு நேரே பார்த்தார்.

ஜெசிந்தா அப்போதுதான் பெல்ட்டைப் பார்த்தாள்.

"ஐயோ, கட்டியா வச்சிருக்கீங்க? அவுருங்க!"

"அவுராது!" டாக்டர் அலறினார். "நான் போட்ட முடிச்சு அது, அவுராது!"

அடுத்த இழுப்பில் அவர் கால் இரண்டும் தரையைவிட்டு எழும்பின. சூசை பாய்ந்து காலைப் பிடித்தான். ஜெசிந்தா இடுப்புக் கத்தியை உருவி, எட்டி, நூலில் வைத்தாள். அறுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. டப்.

டாக்டர் மல்லாக்க வந்து ஐஸ் பெட்டிமேல் விழுந்தார். படகு இரண்டு தரம் ஆடி நின்றது.

பயம் தெளிந்ததும் டாக்டருக்குக் கோபம் வந்தது. கண்ணில் நீரே வந்துவிட்டது.

"அறுத்துட்டீங்களே டீச்சர்! எத்தனை பெரிய மீன்! இந்தத் தடவை என் கட்டுல ஒரு குறை சொல்லுங்க பாப்போம். முள்ளு வளையல. வளையம் பிரியல. முடிச்சு ஒண்ணுகூட அறல!"

ஜெசிந்தா கத்தியைக் கையில் வைத்தபடியே கடலைப் பார்த்தாள்.

"அந்த மீனு பாவம், அம்புட்டு நூலையும் இழுத்துக்கிட்டு அலையும். என் கயிறுன்னா வெறும் முள்ளோட போயிருக்கும்."

"நான் அதைக் கேக்கல. என் கட்டுல என்ன குறை?"

அவள் திரும்பி, அவர் எதிரில் உட்கார்ந்து, அவர் இடுப்புக் கயிற்றை மெதுவாகக் கத்தியால் அறுத்தாள்.

"ரெண்டு பேரு இழுத்தா எதாவது ஒண்ணு அறுந்துதான் ஆகணும் டாக்டர். நீங்க ஒவ்வொண்ணையும் அறாமக் கட்டிட்டு வந்துட்டீங்க. அறுறதுக்குன்னு மிச்சம் இருந்தது நீங்க ஒரு ஆளுதான்."