தொந்தரவே இல்லாத குடித்தனக்காரர்

குளக்கரை மருத மரத்தடியில் புன்னைவனம் என்றொரு பெருச்சாளி குடியிருந்தார். பெருச்சாளிக்கு எதற்கு இத்தனை மரியாதை என்று கேட்காதீர்கள். அவர் வீட்டுக்காரர். வாடகைக்கு விடுகிற அளவுக்கு வீடு வைத்திருப்பவரை எந்த ஊரில் 'அது' என்று சொல்ல முடியும்?

மரம் காட்டின் நட்ட நடுவில் இருந்தது. இறங்கினால் குளம். திரும்பினால் அத்தி மரம். நாலு தாவு தாவினால் கிழங்கு விளையும் ஈரமண். எல்லாம் நடந்து போகிற தூரம்தான்! அந்த வட்டாரத்தில் ஒரு பொந்து கிடைக்காதா என்று எத்தனையோ பேர் அலைந்துகொண்டிருந்தார்கள். புன்னைவனத்திடமோ இரண்டு பொந்துகள் இருந்தன. வேரடியில் அவர் குடும்பத்தோடு இருந்த பொந்து ஒன்று. மேலே, கிளை பிரிகிற இடத்தில் காலியாகக் கிடந்த பொந்து இன்னொன்று. மரத்தின் உள்பக்கம் கூடாக இருந்ததால், மாடியிலிருந்து உள்வழியாகவே கீழே இறங்கி வரலாம்.

ஒரு நாள் அவர் மனைவி வடிவு சொன்னாள்.

"ஏங்க, மாடிப் பொந்தை யாருக்காவது விடுங்களேன். நீங்க இரை தேடப் போயிட்டா இந்த அஞ்சு பிள்ளைங்களையும் வச்சுக்கிட்டு நான் ஒண்டியா கிடக்கேன். ஆபத்துன்னா ஒரு குரல் குடுக்கவாவது மேலே ஆள் வேணாமா?"

"விடலாம்! வாடகைகூட எனக்குப் பெருசில்லை. ஆனா வர்றவங்களால ஒரு தொந்தரவும் இருக்கக்கூடாது. ஒரே ஒரு தொந்தரவுகூட!" என்றார் புன்னைவனம்.

இதைச் சொல்லும்போது அவருடைய ஐந்து பிள்ளைகளும் வேரின்மேல் ஏறி உருண்டு, ஒன்றன் வாலை ஒன்று கடித்து, கீச்கீச்சென்று காட்டையே இரண்டாக்கிக்கொண்டிருந்தன. அது அவர் காதில் விழவில்லை. தன் வீட்டுச் சத்தம் சத்தமாகுமா? அடுத்த வீட்டுப் பிள்ளை தும்மினால்தான் அவருக்குத் தலைவலி வரும்.

வீட்டுத் தரகர் ஓணானுக்குச் சொல்லி அனுப்பினார். ஓணானை அந்தக் காட்டில் தெரியாதவர் இல்லை. வீட்டுக்காரர் பேசினாலும் தலையாட்டும், குடிவருகிறவர் பேசினாலும் தலையாட்டும். அந்தத் தலையாட்டலை வைத்தே அது பிழைப்பு நடத்தியது.

"ஆளா இல்லை சார்? குளக்கரைன்னா வரிசையில நிப்பாங்க!" என்று ஓடிய ஓணான், மறுநாளே மரங்கொத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தது.

மரங்கொத்தி கொண்டையைப் படிய வாரிக்கொண்டு பணிவாக நின்றது.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"தச்சு வேலைங்க."

புன்னைவனத்துக்கு நெஞ்சு படபடத்தது. "சுவத்துல ஆணி கீணி அடிப்பீங்களா?"

"சேச்சே! ஆணியே அடிக்கமாட்டேங்க."

"அப்பாடா!"

"மூக்காலதான் அடிப்பேன்."

"போயிட்டு வாங்க! போயிட்டு வாங்க!"

அடுத்து ஒரு மைனா தம்பதி வந்தார்கள். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள். பெண் மைனா உள்ளே நுழையும்போதே வடிவின் கடைசிப் பெண்ணைத் தாடையில் தொட்டுக் கொஞ்சியது. வடிவுக்கு அப்போதே பிடித்துவிட்டது.

"எத்தனை பேர்?" என்றார் புன்னைவனம்.

"நாங்க ரெண்டே பேர்தாங்க."

"விருந்தாளிங்க வருவாங்களா?"

"எங்கம்மா வீடு பக்கத்து அரச மரத்துலதாங்க இருக்கு. சாயங்காலம் சும்மா எட்டிப் பாத்துட்டுப் போவாங்க."

"அம்மா மட்டும்தானே?"

"அம்மா, அப்பா, நாலு சித்தப்பா, அவங்க பிள்ளைங்க, அப்புறம் எங்க அத்தை..."

"சந்தையை வேற இடத்துல வையுங்கம்மா!" என்று கதவைச் சாத்தாத குறையாக அனுப்பிவிட்டார்.

"கலகலன்னு இருந்திருக்கும். ஏதாவது ஒண்ணுன்னா அத்தனை பேரும் கத்தி ஊரைக் கூட்டியிருப்பாங்க" என்று வடிவு முணுமுணுத்தாள்.

"அதைத்தான் நானும் சொல்றேன். கத்துவாங்க!" என்றார் புன்னைவனம்.

மூன்றாவதாக ஒரு வௌவால் வந்தது. கல்யாணம் ஆகாத பையன். நல்ல மாதிரி. பகலெல்லாம் தூங்குவானாம். புன்னைவனத்துக்குக்கூட கொஞ்சம் மனம் இளகியது.

"எப்படித் தூங்குவீங்க தம்பி?"

"தலைகீழா தொங்கிக்கிட்டுதான் சார்."

புன்னைவனம் துள்ளி எழுந்தார். "தலைகீழாவா? அப்ப வாஸ்து என்ன ஆகிறது? கூரை தரையாயிடும், தரை கூரையாயிடும். வாசல் எந்தத் திசைன்னே தெரியாமப் போயிடும்! என் குடும்பம் நல்லா இருக்க வேணாமா?"

வௌவால் போனபிறகு ஓணான் அலுத்துப்போய் ஒரு கல்மேல் உட்கார்ந்தது.

"சார், உங்களுக்கு எப்படிப்பட்ட ஆள்தான் வேணும்? வரிசையா சொல்லிடுங்க."

"சத்தம் போடக்கூடாது. ஆணி அடிக்கக்கூடாது. விருந்தாளி வரக்கூடாது. சின்னப் பிள்ளைங்க கூடவே கூடாது. சமையல் வாடை வரக்கூடாது. எங்க வீட்டுல நாங்க பேசறதை ஒட்டுக்கேக்கக்கூடாது!"

ஓணான் யோசித்தது. யோசித்த யோசனையில் நிறம்கூட லேசாக மாறியது. பிறகு மெல்லத் தலையை ஆட்டியது.

"ஒருத்தர் இருக்காரு சார். உங்களுக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி. ஆத்துக்கு அந்தப் பக்கத்துலேருந்து வர்றாரு. பேரு சாரநாதன்."

"பேரே அம்சமா இருக்கே! சத்தம்?"

"வர்றதும் தெரியாது, போறதும் தெரியாது."

"ஆணி?"

"கையே நீட்டமாட்டார் சார்."

"விருந்தாளிங்க?"

"அவரைப் பாக்க யாருமே வரமாட்டாங்க. சொந்தக்காரங்ககூட தள்ளித்தான் இருப்பாங்க."

"சமையல்?"

"அடுப்பே மூட்டமாட்டார். வாரத்துக்கு ஒரு தடவைதான் சாப்பாடே!"

"அடடா! விரதம் இருக்கிறவரா? ஒட்டுக்கேக்கமாட்டாரே?"

"வெளியில காதுன்னு ஒண்ணே கிடையாது சார்."

புன்னைவனத்தின் கண்கள் கலங்கிவிட்டன. இப்படி ஒரு மகானும் இந்தக் காட்டில் இருக்கிறாரா? "உடனே வரச்சொல்லுங்க. நல்ல நாள் பாத்துப் பால் காய்ச்சிடட்டும்!"

"பால்னா அவருக்கு உசுருன்னு ஊர்ல ஒரு பேச்சு இருக்கு சார். ஆனா அவர் தொடக்கூடமாட்டார்" என்றது ஓணான்.

வடிவு குறுக்கே வந்தாள். "ஏங்க, எதுக்கும் ஆளை ஒரு தடவை நேர்ல பாத்துட்டு முடிவு பண்ணலாமே?"

"நேர்ல பாத்தவங்க எல்லாரும்தான் தொந்தரவு பிடிச்சவங்களா இருந்தாங்க. இவரைப் பாக்கவே வேணாம்!" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார் புன்னைவனம்.

வெள்ளிக்கிழமை காலையில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வேரடியில் விளையாடிய கடைசிப் பெண் அண்ணாந்து பார்த்துக் கத்தினாள்.

"அப்பா! மாடி வீட்டு மாமா வந்துக்கிட்டிருக்காரு!"

"வரட்டும், வரட்டும்!" என்று மீசையைத் தடவிக்கொண்டார் புன்னைவனம்.

"அப்பா! இன்னும் வந்துக்கிட்டிருக்காரு!"

"மூட்டை முடிச்சு இருக்குமில்லையா?"

"மூட்டையெல்லாம் இல்லைப்பா. மாமாவேதான். இன்னும் வந்துக்கிட்டே இருக்காரு!"

புன்னைவனம் வெளியே எட்டிப் பார்த்தார். மரத்தண்டைச் சுற்றி, பளபளவென்று ஒரு உடம்பு ஏறிக்கொண்டிருந்தது. தலை மாடிப் பொந்துக்குள் போய்விட்டது. வால் இன்னும் புல்லில் கிடந்தது.

அவர் கடைசிப் பெண்ணை உள்ளே இழுத்துக்கொண்டார். வாலும் உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் உள்வழியாகத் தலை கீழே இறங்கி, நடு வீட்டில் வந்து நின்றது.

"வணக்கம் ஐயா. நான்தான் சாரநாதன். வீடு ரொம்ப வசதியா இருக்கு."

"நீ... நீங்க... பாம்பா?"

"சாரைப்பாம்புங்க. விஷமெல்லாம் கிடையாது" என்றது அது, அடக்கமாக.

"முதல்ல வீட்டைக் காலி பண்ணுங்க!"

பாம்புக்கு முகம் வாடிவிட்டது. "என்னங்க ஐயா, வந்ததும் வராததுமா! நான் என்ன தப்பு பண்ணேன்? சத்தம் போட்டேனா?"

"இல்லை."

"ஆணி அடிச்சேனா?"

"இல்லை."

"யாரையாவது விருந்துக்குக் கூட்டிட்டு வந்தேனா?"

"இல்லை! ஆனா நீங்க எலி சாப்பிடுவீங்க! பெருச்சாளியும் சாப்பிடுவீங்க!"

"வாரத்துக்கு ஒரே ஒரு தடவைதாங்க. தரகர் முதல்லயே சொல்லியிருப்பாரே?" என்ற பாம்பு, மூலையில் ஒடுங்கி நின்ற பிள்ளைகளை அப்போதுதான் கவனித்தது. "அஞ்சு பேரா? நல்ல வளர்த்தி!"

புன்னைவனத்துக்கு உயிரே நின்றுவிட்டது. அந்த ஐந்தும் அவருடைய உலகம். அவர்களுக்குக் காவலாக ஒரு ஆள் வேண்டும் என்றுதானே வடிவு வாய்விட்டுக் கேட்டாள்? அவரோ தன் கையாலேயே அவர்களைக் கொண்டுபோய்ப் பாம்பின் வாயருகே வைத்துவிட்டார். கத்தலாம் என்றால் மேலே குரல் கொடுக்க ஒரு ஆள் இல்லை. இருந்த ஒரே ஆள் எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

அப்போது வடிவு ஓரடி முன்னால் வந்தாள். குரல் நடுங்கவில்லை.

"வாங்க. சாப்பிட்டாச்சுங்களா?" என்றாள்.

வீட்டுக்கு வந்தவரை எல்லாரும் கேட்கிற கேள்விதான். ஆனால் அதைவிட முக்கியமான கேள்வி அன்றைக்கு அந்தக் காட்டில் வேறு இல்லை.

"ஆச்சும்மா" என்றது பாம்பு. தன் வயிற்றின் மேட்டைத் திருப்தியோடு பார்த்துக்கொண்டது. "வர்ற வழியிலதான் ஆச்சு. திம்முனு இருக்கு. இப்போதைக்கு ஒரு தூக்கம் போட்டாப் போதும். பசிச்சா நானே வந்து சொல்றேன்."

"நல்லாத் தூங்குங்க. பிள்ளைங்க சத்தம் போட்டுத் தொந்தரவு பண்ணாம நான் பாத்துக்கறேன்."

"தங்கமான மனசும்மா உங்களுக்கு!" என்று நெகிழ்ந்துபோய்ப் பாம்பு மேலே ஏறியது.

அடுத்த நிமிடமே வடிவு பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினாள். ஒன்றன் வாலை ஒன்று கவ்விக்கொள்ளச் சொன்னாள். கொல்லைப்பக்கத்து வேர்ச்சந்து வழியாக எல்லாரும் வெளியேறினார்கள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அந்த ஐந்தும் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காமல் நடந்தன. புன்னைவனத்துக்கு அந்த அமைதி கொஞ்சமும் பிடிக்கவில்லை.

காட்டின் நடுவில் இருந்த வீட்டை வீட்டுக்காரரே காலி செய்துவிட்டுப் போனார்.

வழியில் ஒரு வேலிக்காலில் ஓணான் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. புன்னைவனம் அதன்மேல் பாய்ந்தார்.

"ஏன்யா, பாம்புன்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

"நீங்க கேக்கவே இல்லையே சார்! ஆணி அடிப்பாரான்னு கேட்டீங்க. அடுப்பு மூட்டுவாரான்னு கேட்டீங்க. ஆள் யாருன்னு கேட்டீங்களா?"

முதல் தடவையாகப் புன்னைவனம்தான் தலையாட்டினார்.

"சரி விடுங்க. இப்ப உங்களுக்கு வீடு வேணுமே!" என்றது ஓணான். தரகரல்லவா? "கருவேலங்காட்டுல ஒரு இடம் இருக்கு. குளம் பக்கத்துல கிடையாது. அத்தி மரமும் கிடையாது. எதுவுமே நடந்து போற தூரத்துல இல்லை. ஆனா வீட்டுக்காரம்மா நல்ல மாதிரி."

நாக்குத் தள்ள நடந்து எல்லாரும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். வீட்டுக்காரம்மா ஒரு முள்ளெலி. உடம்பு முழுக்க முள், பெயர் மட்டும் பஞ்சம்மாள்.

புன்னைவனம் இந்தத் தடவை முந்திக்கொண்டார். "அம்மா, கோவிக்காதீங்க. நீங்க யாரு? என்ன சாப்பிடுவீங்க?"

"முள்ளெலிதான்யா. பூச்சி, புழு சாப்பிடுவேன். கண்ணு தெரியலையா உனக்கு?" என்றாள் பஞ்சம்மாள். "நீங்க எத்தனை பேர்?"

ரெண்டே பேர் என்று சொல்லிவிடலாமா என்று புன்னைவனத்துக்கு ஒரு ஆசை எழுந்தது. திரும்பி ஐந்து முகங்களையும் பார்த்தார். ஐந்தும் இருந்தன. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஏழு பேர்ங்க. இந்த அஞ்சும் ஓயாம கத்தும். சுவத்தைச் சுரண்டும். உங்களுக்குத் தொந்தரவாத்தான் இருக்கும்."

"தொந்தரவு இல்லாம என்னய்யா குடித்தனம்? பக்கத்துல படுத்தா என் முள்ளுந்தான் உங்களைக் குத்தும். கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கங்க, அவ்வளவுதான். உள்ளே வாங்க!" என்று பஞ்சம்மாள் வழியை விட்டாள்.

பிள்ளைகள் ஐந்தும் கீச்சென்று கத்திக்கொண்டு உள்ளே ஓடின. புன்னைவனம் வாசலில் நின்று அந்தச் சத்தத்தை ஆசை தீரக் கேட்டார்.

கூடி வாழ வருகிறவர்களின் சின்னச் சின்னத் தொந்தரவுகளைப் பொறுத்துக்கொள்ளாதவன், பெரிய ஆபத்துக்குத் தன் கையாலேயே வாசலைத் திறந்துவிடுவான்.