துபாயிலிருக்கும் எதிராளி

பெரம்பூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பத்துப் பேர் சேர்ந்து ஃபேன்டஸி ஃபுட்பால் ஆடினார்கள். வெளிநாட்டு ஆட்டக்காரர்களில் ஆளுக்குப் பதினொரு பேரைப் போனில் எடுத்துக்கொள்வார்கள். வாரத்துக்கு ஒருவரோடு மோதல். யார் எடுத்த ஆட்டக்காரர்கள் நன்றாக ஆடினார்களோ அவருக்கு வெற்றி. யாருக்கு யார் என்று அட்டவணை போடுபவர் அவர்களில் ஒருவரான, கட்டடத்தில் வேலை பார்க்கும் பிளம்பர் தாவீது. வியாசர்பாடிக்காரர், பந்தாட்டம் அவருக்கு அத்துப்படி.

கடைசி வாரத்துக்கு முன்னால் லீக்கில் ஆடும் குடியிருப்போர் சங்கச் செயலாளர் தணிகாசலம் அவரைக் கூப்பிட்டார்.

"எனக்குச் சமமான ஆளா போடு. சப்பை ஆளுன்னா சிரிப்பாங்க. ஆனா நான் தோக்கவும் கூடாது. முடியலன்னா லீக்லயும் நீ இல்ல, இந்தக் கட்டடத்துல வேலையும் இல்ல."

தாவீது பட்டியலை நாலு தடவை பார்த்தார். பத்தாவது ஆள், செயலாளரின் அக்கா மகன் ஹரீஷ். துபாயில் இருக்கிறானாம், யாரும் பார்த்ததில்லை. ஆனால் வாராவாரம் அவனுடைய நல்ல ஆட்டக்காரன் ஒருவன் மாமாவின் அணிக்கு மாறிவிடுவான்.

ஞாயிறன்று எல்லோர் முன்னாலும் தாவீது வாசித்தார். "தணிகாசலம் சாருக்கு ஹரீஷ்."

"அவனா? ஏன்?" என்று செயலாளர் சீறினார்.

"நீங்க கேட்டபடிதான் சார். அவரவிட உங்களுக்குச் சமமான ஆள் கிடையாது. எந்தப் பக்கம் ஜெயிச்சாலும் நீங்க தோக்க மாட்டீங்க."

பல் டாக்டர் விமலா சட்டென்று பட்டியலில் இருந்த ஹரீஷின் எண்ணுக்குப் போன் போட்டார்.

தணிகாசலத்தின் சட்டைப்பையில் மணி அடித்தது.

"எடுங்க சார்," என்றார் தாவீது. "உங்க அக்கா மகனைத்தான் கேக்குறாங்க."

அடுத்த சீசனில் எட்டு அணிகள்தான். அட்டவணையை அப்போதும் தாவீதுதான் போட்டார்.