கார் கழுவும் பேச்சி நீட்டிய தீப்பெட்டி

வக்கீல் சபாபதியின் பழைய காரில் ஏறினாலே அவர் மனைவி கோமதிக்குப் பெட்ரோல் நாற்றத்தில் குமட்டும். எல்லாம் அவளுடைய பிரமை என்பார் அவர். கார் கழுவும் பேச்சிக்கு அது பொறுக்கவில்லை.

“நாத்தம் இருக்குங்கய்யா.”

“நிரூபிச்சுக் காட்டு. முடியலைன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதே.”

பேச்சி பின்கதவைத் திறந்து தீப்பெட்டியை நீட்டினாள். “உள்ள உக்காந்து ஒரு சிகரெட் பிடிங்கய்யா.”

வக்கீல் பின்வாங்கினார். “பத்திக்கிட்டா?”

“நாத்தமே இல்லாத வண்டி ஏங்கய்யா பத்திக்கப் போகுது?”

கோமதி சிரித்துவிட்டாள். “சரி, எங்கேருந்து வருது?” என்றார் வக்கீல்.

டேங்க் நிரப்பிய நாட்களில் டிக்கி துடைத்த துணி நாறும் என்பது பேச்சிக்குத் தெரியும். அங்கே டேங்குக்குப் பெட்ரோல் இறங்கும் ரப்பர் குழாயில் வெடிப்பு விட்டிருந்ததைக் காட்டினாள். மெக்கானிக் அன்றே மாற்றினார்.

வெளியூரில் இருக்கும் மகளைக் கோமதியோடு காரில் போய்ப் பார்த்துத் திரும்பிய அன்று வக்கீல் தணிந்த குரலில் சொன்னார்: “பேச்சி, கோமதி வழியெல்லாம் என் பக்கத்துல நிம்மதியா தூங்கினா.”