குளிர்கால ராணியின் சட்டை

"ரீச்சர், என்ர பிள்ளைக்கு என்னைப் பிடிக்கேல்லை" என்றான் தவநேசன்.

சுகிர்தா ரீச்சர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

ஸ்காபரோவில் ஒரு கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் அவர் தையல் வகுப்பு நடத்தினார். படிக்க வந்தவர்கள் எல்லோரும் பெண்கள். ஆண் என்று தவநேசன் ஒருவன்தான். ரீச்சருக்கும் அவனுக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

மனைவி வதனி கைக்குழந்தையோடு முன்னாலேயே கனடா வந்துவிட்டாள். அவனை விசா வருடக்கணக்காக இழுத்தடித்தது. ஆவணியில் ஒருவழியாக வந்து இறங்கியபோது கைக்குழந்தைக்கு எட்டு வயதாகியிருந்தது. பெயர் ஆரணி.

அவள் அவனோடு மரியாதையாகத்தான் இருந்தாள். அந்த மரியாதைதான் அவனைக் கொன்றது. எதையும் அவனிடம் நேரே சொல்ல மாட்டாள். "அவரைச் சாப்பிட வரச் சொல்லுங்கோ அம்மா" என்பாள். அவன் பக்கத்துக் கதிரையிலேயே உட்கார்ந்திருப்பான்.

ஐப்பசியில் ஹலோவீன் நெருங்கியது. பிள்ளைகள் வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாக இனிப்புக் கேட்டுப் போகிற நாள். ஆரணிக்குக் குளிர்கால ராணியாகப் போக ஆசை. அதையும் தாயிடம்தான் சொன்னாள்.

கேட்டுக்கொண்டிருந்த தகப்பன் அடுத்த நாளே தையல் வகுப்பில் சேர்ந்துவிட்டான். ஊசி பிடித்தறியாத கை. பளபளக்கும் வெள்ளைச் சற்றின் துணி வாங்கினான். பழைய வலைத் திரைச்சீலையை வெட்டி, பின்னால் நிலத்தில் இழுபட வைத்தான். வெள்ளித்தாளில் மணிமுடி செய்தான். சட்டைக்குக் கை கிடையாது, தோளில் மெல்லிய பட்டி மட்டும். ராணிகள் அப்படித்தான் உடுப்பார்கள் என்று படங்களில் பார்த்திருந்தான். பனியைக் கண்ணால் காணாத மனுசன் பனிக்கு ராணியை உண்டாக்கினான்.

ஆரணி போட்டுப் பார்த்தாள். கண்ணாடிக்கு முன்னால் ஒரு சுற்றுச் சுற்றினாள். வாசற்கதவைத் திறந்து படியில் போய் நின்றாள். உடனே திரும்பி வந்து, கழற்றி மடித்து வைத்தாள்.

"எனக்கு வேண்டாமெண்டு அவரிட்டச் சொல்லுங்கோ அம்மா."

இவ்வளவையும் சொல்லி முடித்து, தவநேசன் மடித்த சட்டையை ரீச்சருக்கு முன்னால் வைத்தான்.

"சட்டையைப் பிடிக்கேல்லையோ, உங்களைப் பிடிக்கேல்லையோ?"

"ரெண்டும் ஒண்டுதானே ரீச்சர்."

ரீச்சர் ஊசியைக் குத்தி வைத்தார்.

"உங்கட ஜக்கெற்றைக் கழட்டித் தாங்கோ."

தந்தான். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டார்.

"ராணியின்ர சட்டையைக் கையில பிடிச்சுக்கொண்டு பஸ் தரிப்பில போய் நில்லுங்கோ. ஒரு பஸ் வந்து போனாப் பிறகு வாங்கோ."

மற்றப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவன் போனான்.

பஸ் தரிப்பில் நின்றவர்கள் அவனைப் பார்த்தார்கள், சட்டையைப் பார்த்தார்கள், திரும்ப அவனைப் பார்த்தார்கள். மானம் போகிறதே என்று முதலில் கூசிப்போனான். பிறகு காற்று வீசியது. மானத்தைப் பற்றிய நினைப்பே போய்விட்டது. காது இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டான்.

பஸ் வந்தது. சாரதி கதவைத் திறந்தார். தவநேசன் தலையாட்டினான். கதவு மூடிக்கொண்டது.

கையில் இருந்த சட்டையை அப்போதுதான் அவன் சரியாகப் பார்த்தான்.

ஓடி வந்தான். பல்லோடு பல் அடித்துக்கொண்டது.

"ரீச்சர், அவளுக்குக் குளிர்ந்திருக்கு."

ரீச்சர் கத்தரிக்கோலை நீட்டினார்.

அந்தச் சட்டையின் ஒவ்வொரு தையலுக்கும் அவன் விரலில் குத்து வாங்கியிருந்தான். ஒரு கணம் தயங்கினான். பிறகு முதுகை நடுவால் வெட்டினான். சிரித்த பெண்களே துண்டுத் துணிகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வீட்டிலிருந்து மகளின் தடித்த குளிர் ஜக்கெற்றைக் கொண்டுவந்து மேசையில் விரித்து, அதற்கு மேலால் அளவெடுத்தான். கை வைத்தான். கழுத்தைச் சுற்றிப் பஞ்சு வைத்தான்.

ஹலோவீன் அன்று பின்னேரம் ராணி புறப்பட்டாள். ஜக்கெற்றுக்கு மேல் சட்டை, கம்பளித் தொப்பிக்கு மேல் முடி. பானைக்குச் சேலை சுற்றியதுபோல இருந்தாள். தவநேசனுக்கு உலகத்தில் அதைவிட அழகான ஒன்று இருக்கவில்லை. தெருவில் நின்று பார்க்க வேண்டுமென்று முதல் ஆளாகப் படியிறங்கி ஓடிவிட்டான்.

ராணி கதவடியிலேயே நின்றாள்.

வெறும் சேட்டோடு தெருவில் நின்றவனை மேலும் கீழும் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். மகள் ஏதோ சொல்லப்போகிறாள் என்று தெரிந்து, வதனி கேட்கக் குனிந்தாள்.

ஆரணி தாயின் பக்கம் திரும்பவேயில்லை.

"அப்பா, ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வாங்கோ."