நத்தை கேட்ட கேள்வி

என் கண்ணாணை, என் மீசையாணை, இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது. நத்தை பேசியது.

ஆற்றங்கரை மடத்தில் வேலம்மை என்றொரு குரு இருந்தார். அவரைவிட வயதில் மூத்தவர் சீடர் தில்லைநாயகம். மடத்து மாடுகளெல்லாம் நாயகத்தின் பொறுப்பு.

ஒரு காலையில் அம்மிக் குழவியைத் தோளில் தூக்கிக்கொண்டு குருவின் முன்னால் வந்து நின்றார்.

"கொலைகாரனைக் கொன்றால் பாவமா, அம்மா?"

யாரைக் கொல்லப்போகிறீர் என்று குரு கேட்டார்.

ஆற்று நத்தைகளை என்றார் நாயகம். பசு ஒன்று செத்துப்போயிருந்தது. மாட்டு டாக்டர் ஈரலை அறுத்துப் பார்த்தால், உள்ளே இலை இலையாகத் தட்டைப்புழு. சாணத்தோடு வரும் புழுமுட்டை தண்ணீரில் பொரிந்து, நத்தைக்குள் புகுந்து வளர்ந்து, பிறகு கரைப் புல்லில் ஏறிக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாயகத்தின் காதில் விழுந்தது நத்தை மட்டும்தான். இப்போது சினைப்பசு செவலைக்கும் தாடை வீங்கத் தொடங்கிவிட்டது.

"வயிற்றில் வைத்து வளர்த்து அனுப்பியிருக்கிறது, அம்மா. துரோகி."

விசாரிக்காமல் தண்டிக்கக் கூடாது, ஒன்றைப் பிடித்து வாரும் என்றார் குரு.

நாயகம் ஒரு நத்தையைத் தாம்பாளத்தில் கொண்டுவந்து வைத்தார். அது கொம்பை நீட்டியது. அது போட்ட சத்தத்தில் மடத்துக் கூரை ஓடுகள் சரிந்தன; அவ்வளவு கோபம்.

"அந்தப் புழு உன் பசுவைத் தின்றது, சரி. அதற்கு முன்னால் என் குடலைத் தின்றதே, அதை நான் யாரிடம் போய்ச் சொல்ல? என் பாட்டுக்குப் பாசி மேய்ந்துகொண்டிருந்தேன். அதை என் வீட்டுக்கு அனுப்பியது யார்?"

நத்தைக்கு எவ்வளவு வாய் பாருங்கள் என்று நாயகம் கொதித்தார்.

குரு எழுந்தார். குழவியை வாங்கிக்கொண்டு தொழுவத்துப் பக்கம் நடந்தார். நாயகம் பின்னாலேயே போனார்.

தொழுவம் கழுவிய தண்ணீர் ஆற்றில் போய் விழ, நாயகம் தன் கையாலேயே வெட்டிய வாய்க்கால் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. ஆற்றில் கலந்தால் சாணமும் தீர்த்தம்தான் என்பது அவர் கட்சி. அது விழும் இடத்தில் புல் செழித்து நிற்கும். அதைத்தான் அறுத்து மாட்டுக்குப் போடுவார்.

குரு குழவியை வாய்க்காலுக்குக் குறுக்கே போட்டார்.

சாணித் தண்ணீர் திரும்பி வந்து நாயகத்தின் பாதத்தை நனைத்தது.

குனிந்து பார்த்தார். நிமிர்ந்து செவலையைப் பார்த்தார். அது காலையில் போட்ட புல்லை மென்றுகொண்டிருந்தது.

வேட்டியை மடித்துக்கட்டக்கூட நிற்காமல் ஓடி, அதன் வாயிலிருந்து புல்லைப் பிடுங்கினார்.

அவ்வளவுதான். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள்; நான் சொன்னேன் என்று மட்டும் வேண்டாம். அந்த நத்தை மானநஷ்ட வழக்குப் போட இன்னும் சாட்சி தேடிக்கொண்டிருக்கிறது.