யானையை எழுப்ப வந்த பூவாயி

ஒரு காலத்தில் கொன்றைவனம் என்ற நாட்டைக் கோடைவர்மன் என்ற ராஜா ஆண்டுவந்தான். காலையில் போட்ட சட்டத்தை மத்தியானச் சாப்பாட்டோடு மறந்துவிடுகிற ராஜா. அவனுக்கு வாய்த்த பட்டத்து யானையும் அவனுக்கு ஏற்றதுதான். ஊர்வலம் போய்விட்டு வந்த யானை ஒரு நாள் அரண்மனை வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. ஒரு மாதமாகியும் எழுந்திருக்கவில்லை.

பாகன் கெஞ்சினான், அதட்டினான், கடைசியில் மாமியார் வீட்டுக்குப் போனவன் திரும்பி வரவேயில்லை. அரண்மனைக்குள் போகிறவர்கள் மதில்மேல் ஏணி வைத்து ஏறினார்கள். ராஜாவும் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அதே ஏணியில்தான் ஏறி இறங்கினான்.

தலைமை மந்திரி வித்தகராயருக்கு இதில் ஒரு வழி தெரிந்தது. அவருடைய மச்சினன் மாசிலாமணி வேலைவெட்டி இல்லாமல் அவர் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தான். அவனை எழுப்புவது யானையை எழுப்புவதைவிடக் கஷ்டமாக இருந்தது. இந்த வேலையை அவனுக்கே வாங்கித்தர நினைத்து, ராஜாவிடம் அனுமதி பெற்றுத் தண்டோரா போட்டார்.

"பட்டத்து யானையை எழுப்ப ஆள் தேவை. அரண்மனை வாசலில் உட்கார்ந்த யானையை எழுப்பிப் பன்னிரண்டு வருஷ அனுபவம் வேண்டும். வானசாஸ்திரம் தெரிந்திருக்க வேண்டும். மீசை வேண்டும். தகுதியில்லாமல் வந்து நிற்பவர்களை மொட்டையடித்துக் கழுதைமேல் ஏற்றுவோம்."

இதைக் கேட்டவர்களில் பூவாயியும் ஒருத்தி. சாவு வீடுகளில் ஒப்பாரி வைத்துப் பிழைத்தவள். போன வாரம் ஒரு வீட்டில், செத்தவருடைய நல்ல குணங்களை அவர் பெண்டாட்டி அடுக்கும்போது இவள் சிரித்துவிட்டாள். அதிலிருந்து யாரும் கூப்பிடுவதில்லை, அடுப்பும் எரியவில்லை.

"கேட்டதில் உன்னிடம் எது இருக்கிறது?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"அரண்மனைக்கு வழி தெரியும்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டாள் பூவாயி.

ஏணியில் ஏறுமுன் யானையைப் பார்த்தாள். ஏறுகிறவன் ஒவ்வொருவனும் அதன் வாயில் ஒரு வாழைப்பழத்தை வைத்து, "எழுந்திரு சாமி" என்று கும்பிட்டுவிட்டு ஏறினான். யானை பழத்தைத் தின்றுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

சபையில் மாசிலாமணியும் வேலை கேட்டு நின்றிருந்தான். வித்தகராயர் முதலில் பூவாயியை விசாரித்தார். "பன்னிரண்டு வருஷ அனுபவம் உண்டா?"

"இல்லை ஐயா."

"வானசாஸ்திரம்?"

"மழை வருமா வராதா என்று சொல்வேன். பாதி நாள் தப்பாகிவிடும்."

"மீசை?"

"யானை கேட்டால் ஒட்டிக்கொள்கிறேன் ஐயா."

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. "கழுதையைக் கொண்டுவரச் சொல்லுங்கள்" என்றான்.

"கழுதை வருவதற்குள் இந்த ஐயாவிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்" என்று பூவாயி மாசிலாமணி பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு அனுபவம் உண்டுங்களா?"

"பன்னிரண்டு வருஷமாக இதே வேலைதான்" என்றான் அவன், மீசையை முறுக்கிக்கொண்டு.

"நம் யானை உட்கார்ந்ததே போன மாதம்தானே. அப்படியானால் நீங்கள் எழுப்பியது எந்த ராஜாவின் யானை? சுற்றியிருக்கிற ராஜாக்கள் எல்லாரும் நமக்குப் பகையாளிகள் ஆயிற்றே."

மாசிலாமணி வித்தகராயரைப் பார்த்தான். வித்தகராயர் உத்தரத்தைப் பார்த்தார்.

"அத்தான், எந்த ராஜா என்று நீங்கள் சொல்லித்தரவில்லையே" என்றான் மாசிலாமணி.

ராஜாவுக்கு முகம் சிவந்தது. "இவனுக்கும் தகுதியில்லை, உனக்கும் தகுதியில்லை. இரண்டு கழுதையாகக் கொண்டுவரட்டும்."

இனி இழப்பதற்குத் தலைமுடியைத் தவிர ஒன்றுமில்லை என்று பூவாயிக்குத் தோன்றியது. "மகாராஜா, தங்களுக்குப் பட்டம் கட்டியபோது ராஜாவாக இருந்து எத்தனை வருஷ அனுபவம்?"

ராஜா விரல்விட்டு எண்ணிப்பார்த்தான். "எனக்கு அப்போது ஏழு வயது. முதல் நாள் சிம்மாசனத்திலேயே தூங்கிவிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் பழகிக்கொண்டேன்."

"எனக்கும் சாயங்காலம் வரைக்கும் பழகிக்கொள்ள நேரம் கொடுங்கள்."

"கொடுத்தேன். ஆனால் கழுதைகள் வாசலிலேயே நிற்கும்" என்றான் ராஜா.

பூவாயி யானைக்கு எதிரில் போய்க் குந்தினாள். உண்மையில் அவளுக்கு ஒன்றும் தெரியாது. பயத்தில் ஒப்பாரிகூட மறந்துபோயிருந்தது. ஆட்கள் பழத்தோடு வந்துகொண்டேயிருந்தார்கள். யானையும் தின்றுகொண்டேயிருந்தது. பார்க்கப் பார்க்க அவளுக்கே பொறாமையாக இருந்தது. இருந்த இடத்துக்கு இப்படிச் சாப்பாடு வந்தால் நான்கூட எழுந்திருக்க மாட்டேன் என்று நினைத்தாள். நினைத்ததும் விறுவிறுவென்று ராஜாவிடம் போனாள்.

"வாசலுக்குக் கொஞ்ச தூரம் தள்ளி மதிலை இடிக்கச் சொல்லுங்கள். எல்லாரும் அந்த வழியாகவே பழத்தோடு உள்ளே போகட்டும். யானைப் பக்கம் ஒருவரும் திரும்பக்கூடாது."

"மதிலையா இடிப்பது?" என்று பதறினார் வித்தகராயர்.

"மந்திரியாரே, ஏணியில் ஏறி என் முட்டி தேய்ந்துவிட்டது" என்றான் ராஜா. "இடியுங்கள்."

இடித்தார்கள். கூட்டம் வாழைப்பழத்தோடு புது வழியில் போனது. யானை ஒரு கண்ணைத் திறந்தது. பிறகு இன்னொரு கண்ணை. ஒருமுறை பிளிறிப் பார்த்தது. யாரும் திரும்பவில்லை. பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுந்தது, ஆடி ஆடி நடந்தது, இடித்த இடத்தில் போய்த் தொப்பென்று உட்கார்ந்தது. மதிலில் விழுந்த ஓட்டை கச்சிதமாக அடைபட்டது. பழைய வாசல் திறந்துகிடந்தது.

"மகாராஜா, மறுபடியும் உட்கார்ந்துவிட்டதே. வேலை முடியவில்லை" என்றார் வித்தகராயர்.

"எழுப்பத்தானே ஆள் கேட்டீர்கள் ஐயா" என்றாள் பூவாயி. "நிற்கவைக்க ஆள் வேண்டுமென்றால் அதற்குத் தனியாகத் தண்டோரா போடுங்கள்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்ததும் வித்தகராயரின் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டான். வந்த கழுதைகள் சும்மா போவானேன் என்று ஒன்றில் அவரையும் மற்றதில் மாசிலாமணியையும் ஏற்றிவிட்டான். பூவாயிக்குப் பட்டுச் சேலையும் வண்டி நிறைய நெல்லும் வந்தன.

அவள் அதைப் பார்த்துவிட்டு, "வேலை ஒரே நாளில் முடிந்துபோச்சே மகாராஜா, இனி பிழைப்புக்கு என்ன செய்வேன்?" என்றாள்.

"தலைமை மந்திரி வேலை இப்போது காலிதான்" என்றான் ராஜா. "அதற்குச் சாஸ்திரம் தெரியவேண்டும், சட்டம் தெரியவேண்டும், நாலு பாஷை பேசவேண்டும். உனக்கு எவ்வளவு தேறும்?"

பூவாயி நேர்மையாகவே யோசித்தாள். "பாதிகூடத் தேறாது மகாராஜா."

"எனக்கும் அவ்வளவுதான் தேறும்" என்றான் ராஜா. "காலையில் சீக்கிரம் வந்துவிடு."